பெயர் தெரியாத விமானிக்கு ஒரு பூசை

அட்டுவம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கணவர் சைமன் அவர்களுக்கு,

சுஜிதா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஹைதராபாத்தில் நீங்கள் உடல் சுகத்தோடு இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இதைப் பற்றிப் போனில் வாயைத் திறந்தாலே "போன்ல வேணாம்" என்று வெட்டிவிடுகிறீர்கள். அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். உங்களுக்கு முன்னால் வேறு யாராவது இதைப் பிரித்துப் படித்தால் அவர்களுக்கும் என் வணக்கம். படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அத்தையை மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். புத்தி சுவாதீனம் இல்லை என்று சர்டிபிகேட் வாங்கி உடனே அனுப்ப வேண்டுமாம். நான்கு வரி மெசேஜ், அதுவும் இங்கிலீஷில். 'மதர்' என்று ஓர் இடத்தில் இருந்தது, 'பேஷண்ட்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. அம்மா என்ற சொல்லைக் காணோம். அதற்கு என் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்ததை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கைக்கு வந்தது அந்தப் பூசை வீடியோ மட்டும்தானே.

நீங்கள் செய்கிற இந்த ஏவுகணைக்காக இந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பிளாவியா பிறந்த அன்று நீங்கள் ஒடிசா கடற்கரையில் சோதனையில் இருந்தீர்கள். அது கிளம்பின வேகத்தில் கடலில் விழுந்தது. அவள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றும் ஒரு சோதனை. அது நன்றாகத்தான் பறந்தது, குறியை மட்டும் விட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போன் செய்து, "அம்மா, ஒரு முக்கியமான வேல, ஜெபம் பண்ணிக்கம்மா" என்பீர்கள். என்ன வேலை என்று நீங்களும் சொன்னதில்லை, அத்தையும் கேட்டதில்லை. மூட்டுவலியோடு லசலேத் மாதா கோவில் மேட்டில் ஏறிப்போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். ஹாஸ்டல் சமையற்கட்டில் வெந்து உங்களைப் படிக்கவைத்த காலத்தில் உங்கள் பரீட்சைக்கு எப்படி வேண்டினார்களோ, அப்படியேதான் இதற்கும் வேண்டினார்கள். மாதா அந்த வேண்டுதலைத் தட்டவில்லை. அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

போன கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் வந்திருந்தபோது ஒரு நாள் மேகம் இறங்கி எதிர்வீடே தெரியாமல் கிடந்தது. ஞாபகம் இருக்கிறதா? பிளாவியா நச்சரித்தாள் என்று டார்ச் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று விளக்கினீர்கள். பெரும்பகுதித் தூரம் ஏவுகணைக்குக் கண் தெரியாது, அதை விட்ட விமானம்தான் பின்னாலிருந்து வழி சொல்லிக்கொண்டே இருக்கும், கிட்டே போன பிறகுதான் அதன் சொந்தக் கண் திறக்கும் என்றீர்கள். அப்போதுதான் டார்ச்சைப் போட்டீர்கள். அந்தக் கண் பட்ட பிறகுதான் எதிரி விமானத்தில் எச்சரிக்கைச் சத்தம் கேட்குமாம். அதற்குள் அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப முடியாதாம். அந்தத் தப்ப முடியாத வட்டத்தைப் பெரிதாக்குவதுதான் அப்பாவுடைய சோலி என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிளாவியா கை தட்டினாள். அத்தை உள்ளே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். காதில் விழவில்லை என்றுதான் நாம் நினைத்தோம்.

அப்புறம் எல்லையில் சண்டை வந்தது. ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் உங்கள் போன். அத்தைக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா, அடிச்சிருச்சும்மா! நம்ம சாமான் அடிச்சிருச்சு!" என்று கத்தினீர்கள். நம் கல்யாணத்தன்றுகூட உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை. கொடைக்கானலில் நின்றுகொண்டு மதுரைக்கு அந்தப் பக்கம் பறக்கிறவனை அடிக்கிற மாதிரி, விட்டவன் எல்லையைத் தாண்டவே இல்லை என்றீர்கள். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "அதுல இருந்தவன் யாருப்பா?" அதற்கு நீங்கள், "அது நமக்குத் தெரியாதும்மா. ஸ்கிரீன்ல ஒரு புள்ளி, அம்புட்டுத்தான். இப்ப அந்தப் புள்ளி இல்ல" என்றீர்கள். வெளியே யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் அடுப்படியில் நிற்கும்போது அத்தை, "ஏத்தா, அந்தச் சத்தம் எம்புட்டு நேரம் கேட்டிருக்கும்?" என்றார்கள். எந்தச் சத்தம் என்று எனக்குப் புரியவில்லை. "கடசியில கண்ணு தொறந்த பெறகு கேக்கும்னு சொன்னானே" என்றார்கள். சில வினாடிதான் இருக்கும் அத்தை என்றேன். உடனே அடுப்பை அணைத்துவிட்டு உத்தம மனஸ்தாப ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தார்கள். சாகிற நேரத்தில் சொல்ல வேண்டிய ஜெபம் என்று சின்ன வயதில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது. அது நீளம், அந்தச் சில வினாடிக்குள் பாதிகூட முடியாது. அதைவிடச் சின்னதான மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லிப்பார்த்தார்கள். அதுவும் முடியும் என்று தோன்றவில்லை. "அவன் நம்ம வேதமாவும் இருக்கமாட்டான். ஒரு வாட்டி அம்மான்னு கூப்புட நேரம் இருந்திருக்கும், இல்ல?" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்குப் போட்டவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் டிவிக்காரர்கள் புது ஏவுகணை, புது ஏவுகணை என்று ஆளாளுக்குப் பேச, அதில் வேலை செய்கிறவர் நம் ஊர்க்காரர் என்று எப்படியோ பரவிவிட்டது. அது யாரையாவது அடித்ததா இல்லையா என்று அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை. அதைப் பற்றி இங்கே யாருக்குக் கவலை? கோவில் வாசலில் கோட்டு சூட்டோடு உங்கள் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக நன்றிப் பூசை என்றார்கள். நம் வீட்டுக்கு அன்றைக்கு முன்வரிசை.

நம் பங்குக் கோவிலில், இன்னாருக்காகப் பூசை என்று கருத்துக் கொடுக்கிற வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. அலுவலகத்தில் போய்ச் சொன்னால் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வார்கள். பூசைக்கு முன்னால் உபதேசியார் பரமானந்தம் மைக்கில் வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. காணாமல் போன பசுமாடு கிடைத்ததற்கு நன்றி என்பதையும் கல்லறைக்குப் போனவருடைய ஆன்ம இளைப்பாற்றியையும் ஒரே ராகத்தில் வாசிக்கிற மனுஷன். சனிக்கிழமை அத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். சீட்டு எழுதுகிற பெண் புதுசு. இறந்தவர் பெயர் கேட்டிருக்கிறாள், பெயர் தெரியாது என்றிருக்கிறார்கள். எப்படி இறந்தார் என்று கேட்டிருக்கிறாள். கோவிலில் போய்ப் பொய் சொல்வார்களா? சொல்லிவிட்டார்கள். அவளும் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டாள்.

பரமானந்தம் முதலில், "நமது பங்கின் பெருமையான விஞ்ஞானி சைமன் அவர்களுக்காக நன்றித் திருப்பலி" என்று வாசித்தார். அடுத்த மூச்சில், "சைமன் அவர்கள் செய்த ஏவுகணையால் இறந்துபோன, பெயர் தெரியாத விமானியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் சூசையம்மாள்" என்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து எங்களை எட்டிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் முழந்தாளில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லாம் பங்கின் யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாலைக்குள் உங்கள் பிளக்ஸ் போன இடம் தெரியவில்லை. இந்த வாரம் நம் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்க வேண்டிய அன்பியக் கூட்டத்தை, இடம் போதாது என்று வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷமாக அதே இடத்தில்தான் நடந்தது. பிளாவியாவிடம் வகுப்பில், "உங்க அப்பத்தா எந்த நாட்டுக்காரங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அழவில்லை, ஒருத்தியின் டிபன் பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டாள். உங்கள் பிள்ளைதானே. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்றார். அம்பு செய்தவனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லையே சாமி என்று கேட்க நினைத்தேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உளவுப் பிரிவில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். ஏவுகணை அடித்தது என்று அத்தைக்கு யார் சொன்னது, மகன் போனில் ஏதாவது சொன்னாரா என்றுதான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "எம்மவன் ஒண்ணுஞ் சொல்லலீங்க. டிவிய பாத்து நானா நெனச்சுக்கிட்டேன். வயசாயிருச்சுல்ல" என்றார்கள். துண்டுச்சீட்டில் பொய் எழுத மனம் வராத உங்கள் அம்மா, உங்களுக்காக இரண்டு அதிகாரிகளுக்கு முன்னால் கண்ணை இமைக்காமல் பொய் சொன்னார்கள். அதிகாரிகள் போன கையோடு அத்தை குடையை எடுத்துக்கொண்டு, சொன்ன பொய்யைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கிளம்பிவிட்டார்கள். மழையில் நனைந்துதான் திரும்பி வந்தார்கள், இன்னும் இருமல் விடவில்லை.

அதற்கு அடுத்த நாள் உங்கள் மெசேஜ் வந்தது. அந்தப் பொய் உங்களுக்குப் போதவில்லை. அதன்மேல் ஒரு டாக்டர் கையெழுத்தும் வேண்டும். பைத்தியக்காரி ஏதோ உளறினாள் என்று காகிதத்தில் இருந்தால் உங்கள் பெயர் சுத்தமாகிவிடும், அடுத்த ஏவுகணை வேலையிலும் நீடிக்கலாம். எனக்குப் புரிகிறது. எனக்கு உங்கள் மேல் வருகிற கோபம் கொஞ்சமில்லை, அதையும் நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

மெசேஜை அத்தையிடம் மறைத்துவிடத்தான் பார்த்தேன். பிளாவியா வாசித்துக் காட்டிவிட்டாள். அத்தை, "போவோம் தாயி. கிறுக்கின்னுதான எழுதணும், எழுதிக்கட்டும். அவன் சோலி போயிரக் கூடாது. நானுந்தான மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றார்கள். அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டார்கள். மாற்றுச் சேலை ஒன்று, ஜெபமாலை, மலைப்பாதையில் குமட்டினால் முகர்ந்துகொள்ள இரண்டு எலுமிச்சம்பழம். டாக்டர் கேட்டால் என்ன சொன்னால் கிறுக்கு என்று நம்புவார் என்று என்னிடம் கேட்கிறார்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள் அத்தை, அதுவே போதும் என்றேன்.

இதுதான் என் பதில். நான் கூட்டிப்போக மாட்டேன். அத்தையே கெஞ்சினாலும் மாட்டேன். உங்களுக்கு அந்தச் சர்டிபிகேட் வேண்டுமானால் நீங்கள் வாருங்கள். பழைய வழியில் அடுக்கத்துப் பக்கம் மண் சரிந்து கிடக்கிறது என்கிறார்கள், வத்தலக்குண்டு வழியாகவே வாருங்கள். உங்கள் அம்மாவை நீங்களே கைப்பிடித்து மதுரைக்கு இறக்குங்கள், கொண்டை ஊசி வளைவில் நீங்களே தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தூரத்தில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் முடிக்கிற வேலையை ஆபீசோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை இந்த வீட்டுக்குள் விடாதீர்கள்.

பிளாவியாவுக்கு அரைப்பரீட்சை நெருங்குகிறது. கணக்கில் உங்களைப் போலவே கெட்டிக்காரியாக வருகிறாள். அதைச் சொல்லிச் சந்தோஷப்படக்கூட இப்போது பயமாக இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னார்கள் அத்தை. பூண்டி ஊர்ப் பூண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், வெரசா வந்தால் தொக்கு போட்டுத் தருவார்களாம்.

உறையில் விலாசம் எழுதி மேசை மேல் வைத்திருந்தேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உங்கள் நெற்றியில் அத்தை கட்டைவிரலால் சிலுவை போடுவார்களே, அதே மாதிரி அந்த உறை மேல் போட்டார்கள். தாளித்துக்கொண்டிருந்த கை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எண்ணெய் பட்டு ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. மாற்று உறை இருந்தும் நான் மாற்றவில்லை. அந்தப் புள்ளி யார் என்று உங்களுக்குத் தெரியும். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்களுக்காக ஜெபிக்கும் மனைவி,
சுஜிதா