கமெலினாவுக்கு அவர் பெயர்

2024 நவம்பர் 14, வியாழன். வயது எழுபத்தெட்டும் ஒரு மாதமும்.

மாலை இங்ரிட், குரோருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலமான என் கணவர் நடத்திய பயிர் ஆய்வுக்கூடம் இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. கடுகுக் குடும்பத்துக் கமெலினாவின் புதிய இரகம், பனிப்போர்வையின் காப்புகூட இல்லாத வறண்ட மலைவயலில் கடுங்குளிரைத் தாங்கி, விமான எரிபொருளுக்கு வேண்டிய எண்ணெயும் தந்திருக்கிறதாம். அதற்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள். என் சம்மதம் வேண்டுமாம். பெயரைச் சரியாக உச்சரித்தும் காட்டவேண்டுமாம்.

நான் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோவன் அம்மா. அப்பான்ரை பேரை உங்கடை வாயாலை நான் ஒருநாளும் கேட்டதில்லை," என்றாள் மகள் வாணி.

"அதை உன்ரை பேருக்குப் பின்னாலை கொழுவிக்கொண்டு திரியிறது நீ. நீயே சொல்லு."

வாணி சிரித்தபடி சொன்னாள். எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை என்று விளக்கமும் கொடுத்தாள். இங்ரிட்டுக்குக் கண் கலங்கியது. எனக்கு எரிச்சல் வந்தது. அது பக்தியல்ல, செருப்பை வாசலில் கழற்றுவதுபோல ஒரு பழக்கம்.

ஆனால் இன்று என் நாவைப் பிடித்தது அந்தப் பழக்கம்தானா? தெரியவில்லை. பிறகு ஏன் சம்மதமென்று தலையாட்டினேன்? அதுவும் விளங்கவில்லை. நாளை பெயரைப் பதிவுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் இங்ரிட்டைத் தொலைபேசியில் அழைக்கலாம். அழைத்து என்ன சொல்வது, அவர் இல்லாத நேரத்தில்?

நடந்தது இவ்வளவுதான். அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் வேலை செய்தேன். அந்த இரகத்தின் தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்ததும், பூவைத் திறந்து மகரந்தம் தொட்டுவைத்ததும் அவரல்லர், நான்.