எச் இல்லாத அட்டன்

அக்கா,

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே யாரோ ஒருவரின் பழைய புகைப்படங்கள். மடங்காமல் இருக்க பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி இருபுறமும் வைத்து, மண்ணிற டேப்பால் இறுக்கி ஒட்டியிருந்தார்கள். டேப்பை உரித்தபோது எழுந்த பசை வாசனையில் நீங்கள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றுவிட்டீர்கள். கையில் நனைந்த குடை. "லைன் இருக்கோ பிள்ளை?" என்ற அதே கேள்வி.

நான் பட்டம் வாங்கிவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்த காலம் அது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். திரும்பி வந்து, அட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். யாராவது கோல் எடுத்தால் இன்டர்நெட் போய்விடும். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து தபால் கந்தோரில் வேலை பார்த்தீர்கள். கந்தோருக்குப் போகுமுன் எங்கள் கடைக்கு வருவீர்கள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிற நான், உங்களுக்கு மட்டும் வாசல் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைப்பேன்.

உங்களுக்குப் பழைய தபால் அட்டைகள் மேல் பித்து. அதிலும் ரயில் நிலையப் படம் போட்டவை. உங்கள் அப்பா மலைநாட்டுப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நீங்கள் பிறந்ததே நானுஓயா குவாட்டர்ஸில். நானுஓயா கிடைத்துவிட்டது, வட்டகொடையும் தலவாக்கலையும் கிடைத்துவிட்டன. அட்டன் மட்டும் அகப்படவில்லை. ஊரிலேயே இருந்துகொண்டு அந்த ஊரின் படத்தை அமெரிக்காக்காரனிடம் இன்டர்நெட் ஏலத்தில் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பீர்கள்.

சிரிக்கிற விஷயமாக அது வெகுநாள் இருக்கவில்லை. அவர்களின் இரவு நமக்குக் காலை என்பதால் பல ஏலங்கள் நீங்கள் கந்தோருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் முடியும். விலை நம் பக்கம் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். கடைசி நொடியில் பெயர் தெரியாத ஒருவன் ஒரு டொலர் கூடப் போட்டுக் கொண்டுபோய்விடுவான்.

"இவனுக்கு ஹட்டன்ல என்ன வேலை? இவன்ர அப்பரும் இஞ்ச ஸ்டேஷன் மாஸ்டரோ?"

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பார். "ஏலம் எடுக்கணும்னா நுவரெலியா மார்க்கெட்டுக்குப் போங்கக்கா. தோத்தாலும் நாலு கரட்டாச்சும் கையில வரும்."

"உங்கட கடை லைன் அறுந்து அறுந்து வர, நான் கரட்டுக்கும் பிந்தித்தான் போய்ச் சேருவன்."

வென்றாலும் முடிந்ததா? "இலங்கைக்கு அனுப்பமாட்டேன்" என்று விற்பவன் எழுதுவான். நம்முடைய வங்கி அட்டையை அந்தத் தளம் ஏற்காது. கனடாவிலிருந்த உங்கள் தங்கையின் கணக்கில் வாங்கி, அவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இங்கே வரவேண்டும். அசல் என்று வாங்கிய ஒரு கண்டி ஸ்டேஷன் அப்படிச் சுற்றி வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழுக்க அச்சுப் புள்ளிகள். நேற்று அடித்த நகல்.

இரட்டையாக இருந்த ஒரு அட்டையை நீங்களே விற்றதும் நினைவிருக்கிறது. வாங்கியவன் 'வந்து சேரவில்லை' என்று எழுதி, உங்கள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி போட்டான். பதிவுத் தபாலில் நீங்களே முத்திரை குத்தி அனுப்பியது. அவன் கையெழுத்துப் போட்ட ரசீது அட்டைகூடத் திரும்பி வந்திருந்தது. அதைக் காட்ட அந்தத் தளத்தில் ஓர் இடமும் இல்லை. "தபால்காரிக்கே கடிதம் வரேல்ல எண்டு சொல்லுறான் பாரும்" என்று அந்த ரசீதை வெகுநேரம் கையில் வைத்திருந்தீர்கள். இதெல்லாம் வேண்டாமே என்று நான் நினைத்தேன். ஒருநாள் தைரியம் வந்து கேட்டும் விட்டேன்.

"ஒரு படத்துக்காக ஏங்க்கா இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

அப்போதுதான் மீன் தொட்டியைப் பற்றிச் சொன்னீர்கள். இப்போது தடமே இல்லை, ஆனால் ஒருகாலத்தில் அட்டன் ஸ்டேஷன் மேடையில் சீமெந்தில் கட்டிய வட்டமான மீன் தொட்டி ஒன்று இருந்ததாகவும், காலை ரயில் போனதும் தான் அதற்குப் பொரி போடுவதாகவும் உங்கள் அப்பா சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பிமார் நம்பவில்லை. ஸ்டேஷனில் மீனா என்று சிரித்திருக்கிறார்கள்.

"சிரிச்சா பரவாயில்லை. அதில தொடங்கி இப்ப அவர் சொல்லுற ஒண்டையும் ஒருத்தரும் கணக்கெடுக்கினமில்லை. மருந்து குடிச்சிட்டன் எண்டா நம்பாமல் திரும்பக் குடுக்கினம். பசிக்குது எண்டா, இப்பதானே சாப்பிட்டனீங்கள் எண்டு சொல்லுகினம். மனுசன் இப்ப வாயே திறக்கிறேல்ல."

அன்றிலிருந்து அது எனக்கும் ஏலமாகிவிட்டது. நீங்கள் வராத நேரங்களிலும் தேடினேன். சரியான எழுத்தில் தேடுவதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் நல்ல லைனும் இருந்தது.

அந்தக் காலையில் மழை. கடையில் நாம் இருவரும் முதலாளியும்தான். லைன் அறுவதற்குள் தேடிவிடும் அவசரத்தில், வாயில் வருகிற மாதிரியே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டிவிட்டேன். நீங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள்.

"என்ன பிள்ளை, எச் எங்க? விழுங்கிப்போட்டீரோ?"

"ஐயோ, நாங்க அட்டன்னுதானங்க்கா சொல்லுவோம்."

"சொல்லுறது சரி. கம்ப்யூட்டருமோ தோட்டத்தில பிறந்தது?"

காது சூடானது. இதே 'ஹ'வுக்காகக் கம்பஸில் விடுதிப் பிள்ளைகள் என்னை ஊர்ப் பெயர் சொல்லச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அழிக்கப் போனேன். ஆனால் நம் லைனின் வேகம் உங்களுக்குத் தெரியுமே. பக்கம் ஏற்கெனவே கீழிறங்கத் தொடங்கியிருந்தது, மேலிருந்து ஒரு கீற்று, பிறகு இன்னொரு கீற்று. கூரை வந்தது. மலை வந்தது. தண்டவாளம் வந்தது. உங்கள் விரல்கள் என் தோளை இறுக்கின.

அட்டையின் இடது ஓரம் கிழிந்திருந்தது. அச்சிட்ட ஊர்ப் பெயரின் முதல் எழுத்து கிழிசலோடு போய்விட, மீதியை மட்டும் படித்த விற்பனையாளர், எச் இல்லாமலே பெயரைப் போட்டு, 'இந்தியாவாக இருக்கலாம்' என்றும் எழுதியிருந்தார். சரியாக எழுதத் தெரிந்தவர்கள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. ஒருவர்கூட விலை கேட்டிருக்கவில்லை. ஏலம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

"மீன் தொட்டி தெரியுதோ?"

"மேடை ஓரத்துல வட்டமா என்னமோ இருக்குங்க்கா. பூந்தொட்டியாவும் இருக்கலாம்."

"போடும். போடும் பிள்ளை."

விலை போட்ட கையோடு லைன் போனது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, கோல் எடுக்க வந்த ஓர் ஆளை "பொறவு வாங்க, இங்க ஏலம் நடக்குது" என்று திருப்பி அனுப்பினார். மறுபடி லைன் வந்தபோது ஏலம் முடிந்திருந்தது. நமக்கு எதிரே யாருமில்லை.

அட்டை கனடா போய்ச் சுற்றி வந்து சேர்ந்த நாளில், உறையைப் பிரிக்க உங்களுக்குக் கை வரவில்லை. என்னிடம் தந்தீர்கள். பூதக்கண்ணாடியை வைத்து நான்தான் முதலில் பார்த்தேன். வட்டமான சீமெந்துக் கட்டு. நடுவில் குழாய். தண்ணீரில் வானத்தின் வெள்ளை. கடை போனிலேயே யாழ்ப்பாணத்துக்கு எடுத்தீர்கள். உங்கள் அப்பாவின் குரல் எனக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சரித்துப் பிடித்தீர்கள்.

"அப்பா, தொட்டி இருக்கு. படத்தில இருக்கு."

ரிசீவரைக் காது மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அதைத்தானே நான் சொன்னனான். மீன் தெரியுதோ?"

நீங்கள் சிரித்துக்கொண்டே அழுதீர்கள். போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது; அடுத்த லீவிலேயே அட்டையோடு ஊருக்குப் போனீர்கள். திரும்பி வந்து நீங்கள் சொன்னது படத்தைப் பற்றியல்ல. "இப்ப தம்பியாக்கள் அவரிட்டக் கேள்வி கேக்கினம். பதில் சொல்லும் வரைக்கும் இருக்கினம்."

உங்கள் அப்பாவுக்கு முன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று யார் நினைத்தது? மாற்றலாகிப் போன இடத்தில் காய்ச்சல் என்றார்கள், பிறகு செய்திதான் வந்தது. எனக்கு நியமனம் கிடைத்ததை உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது நுவரெலியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருக்கிறேன். ஊர் எது என்று கேட்டால் அட்டன் என்றே சொல்கிறேன். கேட்பவர் காது அதைச் சமாளித்துக்கொள்கிறது.

இன்று வந்த புகைப்படங்கள் கந்தப்பளைப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னதை வைத்து நான் எழுதிக் கேட்க, அந்தத் தோட்டத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் அனுப்பியவை. தன் லயத்துக்கு மேலே முன்பு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா ஒன்று இருந்ததாகவும், தான் வளர்ந்ததே அங்கேதான் என்றும் போன வாரம் ஒரு விண்ணப்பம் நிரப்ப வந்தபோது சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "அங்க வெறும் பாறைம்மா. வயசாயிருச்சுல்ல, எடம் மாறியிருக்கும்."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் போனார். கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை அக்கா, எல்லோர் முன்னாலும் பேசும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"இருந்திருக்கும்மா. உக்காருங்க. வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?"