பாய் தைத்த ஏழாம் மாத வயிறு

பாய்,

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலையணைக்கு இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. பஞ்சு மூக்கில் ஏறி வரிசையாக ஏழெட்டுத் தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் உங்கள் ஞாபகம். "அழுவுறீங்களா?" என்றாள். பஞ்சு என்று சொல்லித் தப்பித்தேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அரூர் கடைவீதியில் உங்கள் தையல் கடைக்குச் சட்டை தைக்க வந்தவர்கள் உண்டு, நிக்கர் தைக்க வந்தவர்கள் உண்டு. வயிறு தைக்க வந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. சேலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தத்தெடுக்க எழுதிக் கொடுத்திருந்தோம். அங்கிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலஞ்சு மாசத்துல குழந்தை வந்துடும், தயாராகுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் என்றால் தொட்டில் தேடுவார்கள். எனக்கோ தாலுகா ஆபீஸ் மூளை. முன்தேதி போட்டு ஒரு பொய் தயார் செய்யாவிட்டால் தூக்கம் வராது. மனைவி வயிற்றில் துணி மூட்டையைக் கட்டுவது, பிரசவத்துக்கு என்று ஒகேனக்கல் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவது, அங்கிருந்து கையில் குழந்தையோடு திரும்பி வர வைப்பது. அப்போது இப்படிச் செய்தவர்கள் உண்டு.

அவளிடம் சொன்னேன். "ஆசையா இருந்தா நீங்களே கட்டிக்கிங்க. பாதி வயிறு ஏற்கெனவே இருக்குது" என்றவள், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வந்து கேட்டபோது நீங்கள் சிரிக்கவில்லை, பாய். கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டே, "எத்தனாவது மாசத்துக்கு சார்?" என்று கேட்டீர்கள். ஏழு என்றேன், அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் கணக்கு. இலவம்பஞ்சு அடைத்து நாலே நாளில் தயார். "ட்ரையல் பாக்காம குடுக்க மாட்டேன்" என்று எனக்கே கட்டிவிட்டீர்கள். நானும் வெட்கமில்லாமல் இடுப்பில் கை ஊன்றி, கண்ணாடி முன்னால் நாலு அடி நடந்து காட்டினேன்.

"பொருத்தமாத்தான் இருக்குது. ஊருக்காகக் கட்டுறீங்க, சரி. புள்ள முன்னாடி எப்ப சார் அவுப்பீங்க?"

என்று கேட்டீர்கள். நாடாவை அவிழ்க்கப் போனால் முடிச்சு இறுகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்தா எங்கள் எதிர்வீட்டம்மா கடைக்குள் வரவேண்டும்! அவர் காதில் விழுந்த சேதி மொரப்பூர் ரயிலை முந்தும்.

"அடக் கடவுளே! என்னங்க சாரு கோலம் இது? எத்தினி மாசம்?"

"ஏழுங்க" என்று உளறினேன். நீங்கள் தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எப்படி வந்ததோ, "இல்லீங்க... சேலத்துலருந்து ஒரு புள்ளைய எடுத்து வளக்கப் போறோம்" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்; உங்களிடம்கூடச் சொன்னதில்லை, நீங்களாக ஊகித்ததுதான். மிஷின் சத்தம் நின்றது.

அந்தம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டு என்னையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா இந்தக் கூத்து? எங்க வூட்டுத் தொட்டிலு பரண் மேல சும்மாத்தான் கெடக்குது. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வாசலில் நாலைந்து பெண்கள். நடுவில் என் மனைவி, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தம்மா வரும் நேரம் தெரிந்துதான் முடிச்சை இறுக்கினீர்கள் என்பது என் சந்தேகம். கடைசிவரை, "நாடா இறுக்கமா இருந்தாத்தான் சார் நிக்கும்" என்பதைத் தவிர உங்களிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. முந்தாநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அப்பா, நானு அம்மா வயித்துலதான இருந்தேன்?" என்றாள். பத்திரிகைகளுக்குக் கதை என்று பொய் எழுதி அனுப்புகிறவனுக்குப் பதிலா பஞ்சம்? நாலைந்து வரிசையில் வந்து நின்றன. 'எப்ப சார் அவுப்பீங்க?' என்று நீங்கள் என்னிடம் விட்டுப்போன கேள்வி அவை எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டது.

"இல்லடா கண்ணு. நீ சேலத்துல இருந்தே. நானும் அம்மாவும் வந்து பஸ்ல கூட்டியாந்தோம்."

பள்ளிக்கூடப் பையைக் கழற்றிப் போட்டாள். "எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்தீங்களா?"

"குடுத்தோம்" என்றேன். நிஜம்தான், பாய். ஜன்னலோரம் அம்மா மடியில், வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.