டவருக்குக் குறித்த இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் குட்டிக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் நடுவில் நழுவாமல் சொல்வேன், நீயும் கடைசிவரை படித்துவிடு.

அப்பா ஓய்வு பெற்ற மறுவாரமே அலமாரியில் துணி சுற்றிக் கிடந்த, தூரதேசத்து ஆட்களோடு பேசுகிற அந்த ஹாம் ரேடியோவை வெளியே எடுத்தார். சித்தப்பா போன நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை, உனக்கே தெரியும், ஆனால் லைசென்ஸை மட்டும் இருபத்தாறு வருடமும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார், எனக்கே இப்போதுதான் தெரிந்தது. ஆன்டெனாவுக்கு டவர் வைக்கப் போகிறேன் என்றார். மாடியில் வைத்தால் தளம் தாங்காதாம், மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுகிற ஒல்லி டவருக்கு நம் இடம் போதாதாம், தானாக நிற்கிற மூன்று கால் டவர்தான் சரியாம், அதிலும் அடியில் கீல் வைத்துப் படுக்கவைக்கிற மாதிரி செய்தால் இந்த வயதில் மேலே ஏறவேண்டாமாம், சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் நீ இருக்கிற பக்கம் போகும் என்று உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தார். நீதான் அவரோடு முகம் கொடுத்துப் பேசி ஆறு வருடம் ஆகிறதே. ஊருக்குக் கிளம்பிய அன்று "உங்க கணக்குதான் சித்தப்பாவைக் கொன்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அவர் உன்மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை, உள்ளதைத்தானே சொன்னாள் என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் டவர் செய்கிற வெல்டர் அளவு பார்க்க வந்தார். நான் இரண்டு டம்ளர் டீயோடு கொல்லைக் கதவில் நிற்கிறேன், அவர் கையில் முளைக்குச்சியோடு திரும்பி, "அம்மா, இங்க போதுமா?" என்று கேட்டார். நடக்க வழி விட்டிருக்கிறதா என்றுதான் கேட்டார் பாவம். டம்ளர் இரண்டும் கீழே போய்விட்டன. சித்தப்பா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். வீட்டுக்கு பீரோ வந்தபோது தூக்கி வந்தவர் இதையே கேட்டதற்கு நான் தெருவுக்கு ஓடிப்போனேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, தலைசுற்றல் என்று சமாளித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டின் பக்கவாட்டு இடத்தில் அப்பா ஆன்டெனாக் கம்பத்துக்கு அளந்து முளை அடித்து வைத்தார், கம்பம் எப்படிச் சாய்ந்தாலும் தெருவிலுள்ள கரண்ட் கம்பியைத் தொடாத இடம். காலையில் அவர் வேலைக்குப் போயிருந்தார், சித்தப்பா குழி தோண்ட வந்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து, துணிக்கொடிக்கு இடைஞ்சலா இருக்கு தம்பி, கொஞ்சம் தெருப் பக்கம் தள்ளி வைங்களேன் என்றேன். சிரித்துக்கொண்டே முளையைப் பிடுங்கி நகர்த்தி, "அண்ணி, இங்க போதுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. மத்தியானம் அப்பா வந்ததும் வெளிப்படி வழியாக நேரே மாடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார், கீழே சித்தப்பா கம்பத்தை நிமிர்த்தினார், காற்று அடித்தது, கம்பம் கரண்ட் கம்பிமேல் சாய்ந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அளக்க வந்த மின்சார ஆட்கள் கம்பிக்கு ரொம்பக் கிட்டத்தில் நட்டிருக்கிறீர்கள் என்றார்கள், அப்பா அந்தப் பழியை அப்படியே தன் தலையில் போட்டுக்கொண்டார், இருட்டுகிற நேரத்தில் டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று. சொல்லிவிடலாம் என்று போவேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அப்புறம் நான் அந்தப் பக்கம் துணி உலர்த்தியதே இல்லை, மாடிக்குத்தான் தூக்கிப் போவேன். மாடியில் வெயில் நன்றாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அன்று டம்ளர் விழுந்ததும், வெல்டர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா அவரை அனுப்பிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு இடத்துக்குப் போனார். குழியை மூடிய செங்கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து அளந்தார், மறுபடி அளந்தார். "நான் அளந்தது சரிதான்" என்றார். முதலில் நகர்த்தின இடத்திலேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பாரா என்று கேட்டேன். டேப்பைச் சுருட்டினார். அப்படியே செங்கல்மேல் உட்கார்ந்து, "ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

எட்டு நாள் என்னோடு பேச்சில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். ஒன்பதாம் நாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டார், வந்து டேப்பைப் பிடி என்றார். கரண்ட் கம்பியே இல்லாத பின்மூலையில் இடம் குறித்தார், நான் பிடித்த முனையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் படித்தார். டவரை நிமிர்த்தின அன்று என்னை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இப்போது நின்றுகொண்டிருக்கிறது. அவர் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இரைச்சல் சமையலறை வரைக்கும் வருகிறது, அதற்குள் ஏதோ குரல் கேட்கிறதா என்று அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன். மன்னித்தாரா என்று தெரியவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

குட்டியை ஈரத்தலையோடு விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்கவேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, மறந்துவிடாதே. என்னோடு பேச உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது பேசு, அவசரமில்லை.

உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா