ஒற்றைக் காதுக்கு மேவிஸ் டார்னல்

2024 ஜனவரி 14, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும், வழக்கம்போல பழைய ஆங்கிலப் பாடகி மேவிஸ் டார்னலின் இசைத்தட்டைப் போட்டேன். 1958இல் அவர் பாடிய ரயில் நிலையப் பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்குமுன் ஸ்டீல் கிற்றார் ஒரு தரம் மேலே வழுக்கிப் போகும். மெல்லிய சத்தம், ஈரக் கண்ணாடியில் விரலை இழுத்தது போல. இன்று அது இல்லை. ஊசி தேய்ந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பப் போட்டேன். இல்லை.

என் கணவர் ஞானேந்திரனைக் கூப்பிட்டேன். வெங்காயம் உரித்த கையோடு வந்து நின்றார்.

"இப்ப ஒரு சத்தம் கேட்டதோ?"

"ஓம், கீய் எண்டு ஒண்டு. பூனை கத்தின மாதிரி. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

சும்மா இல்லை.

ஜனவரி 17, புதன்

எனக்கு இருப்பது ஒரு காதுதான். ஆறு வயதில், திருகோணமலையில், கன்னம் வீங்கும் கூகைக்கட்டு வந்து வலது காது முழுதாகப் போனது. ஐம்பத்தொரு வருடமாக எல்லாம் இடது காதுதான்.

மேவிஸின் பழைய பாட்டுகளில் நான் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்காலத்து ஒலிப்பதிவுகளில் வாத்தியங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து வைப்பார்கள். ஹெட்போனில் கேட்டால் எனக்குப் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். ஐம்பதுகளில் அப்படியில்லை. எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடினார்கள், வாசித்தார்கள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். இரண்டு காது உள்ளவருக்குக் கேட்பது எதுவோ, அதுவே எனக்கும் கேட்கும். அந்த மூன்று நிமிடத்துக்கு நான் எல்லோரையும் போல.

அந்த ஒரு காதுக்கு இப்போது என்ன?

ஜனவரி 30, செவ்வாய்

நான் வேலை செய்யும் பிள்ளைகள் காப்பகத்தில், கார்டெரியில், பிள்ளைகள் எல்லோரும் வாய்க்குள் முணுமுணுப்பது போல இருக்கிறது. மூன்று வயதுக் குரல்கள், மெல்லியவை, அவைதான் முதலில் போகின்றன போல. என்ன கேட்டாலும் தலையை ஆட்டுகிறேன். இன்று தலையை ஆட்டியதால் ஒரு பிள்ளை சப்பாத்து இல்லாமல் பனிக்குள் இறங்கிவிட்டது.

மகள் மேனுகா லவாலிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, நான் கேட்டது அது இல்லை" என்று இரண்டு தரம் சொன்னாள். சிக்னல் சரியில்லை என்றேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார். டொக்டர் கடதாசியில் எழுதுவார். அந்தக் கடதாசி கார்டெரிக்குப் போகும். அதற்குப் பிறகு?

பெப்ரவரி 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

மத்தியானம் பிள்ளைகள் நித்திரை. நான் கழிவறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்து படங்கள் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் நிரோஜா மற்ற அறையிலிருந்து ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே சின்னவள் ஒருத்தி. பூட்டு இறுகி, திறக்கத் தெரியாமல், எவ்வளவு நேரம் கத்தினாளோ, முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுபட்டுக்கொண்டு நின்றாள்.

நிரோஜா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகுதான் கேட்டாள். "அன்ரி, உங்களுக்குக் கேக்கேல்லையா? எனக்கு அங்கை கேட்டதே!"

நாலடி தூரம். நான் இருந்த இடத்திலிருந்து நாலே நாலடி.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனா ஆகியிருந்தா? நான் படம் வெட்டிக்கொண்டெல்லோ இருந்தனான்!

பெப்ரவரி 10, சனி

சொல்லிவிட்டேன். இவர் டவுன்டவுனில் ரெஸ்டோரண்ட் குசினியில் இருபது வருடமாக வேலை. அங்கே கத்திப் பழகிய மனிதர், வீட்டில் கத்துவதே இல்லை. இன்று கத்தினார்.

"ஒரு மாசமா எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனீரோ? நான் ஆர் உமக்கு? பக்கத்து வீட்டுக்காரனோ?"

நான் அழுதேன். அவர் வெளியே போய்க் காரில் கிடந்த பனியை எல்லாம் துடைத்தார். பிறகு பக்கத்துக் காரில் இருந்ததையும் துடைத்தார். உள்ளே வந்து, "இப்ப நான் சொல்லுறது கேக்குதோ?" என்றார். கேட்டது என்றேன். "அப்ப நாளண்டைக்குக் கார்டெரியை நடத்துற டிரெக்ட்ரிஸிட்டைப் போய்ச் சொல்லும். அந்தப் பிள்ளையின்ரை தாய் நீர் எண்டு நினைச்சுக்கொண்டு சொல்லும்."

பெப்ரவரி 12, திங்கள்

சொன்னேன். டிரெக்ட்ரிஸ் கோபிக்கவில்லை. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும், மெதுவாக, நான் உதடு பார்க்கும்படி சொன்னார். இனிப் பிள்ளைகளோடு தனியாக இருக்க முடியாது. சமையலறையில் பழம் வெட்டலாம்.

பதினாறு வருடம் பிள்ளைகளைப் பார்த்தேன். ஆப்பிள் வெட்டினேன்.

பெப்ரவரி 26, திங்கள்

காது டொக்டர் ஒரு பெண். ஸ்கானில் கட்டி எதுவும் இல்லை. மாத்திரை தந்தார். காது நரம்பு ஏன் பழுதாகிக்கொண்டு வருகிறதென்று தெரியவில்லை, நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார்.

"நிக்காட்டி?"

முழுதாகப் போனால் அதே காதுக்குள் அறுவை செய்து ஒரு கருவி வைக்கலாம். வலது காது ஐம்பது வருடமாகத் தூங்குகிறது, அதை எழுப்புவது கஷ்டம். கருவியோடு பலர் பேச்சை நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள் என்றார்.

"பாட்டு?"

அவர் பேனையை மூடினார். பொய் சொல்லாத டொக்டர். "சிலருக்கு வரும். பலர் எங்களிடம் வந்து, அது பாட்டு மாதிரி இல்லை என்கிறார்கள். கரடுமுரடான சத்தம் என்கிறார்கள். நீங்கள் எதிர்பார்த்து ஏமாறக் கூடாது."

டொக்டர் பிரெஞ்சில் சொன்னதில் கடைசிப் பகுதியை இவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவருக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பதை மறந்துவிட்டேன். மெட்ரோவில் வரும்போது என் கையை விடவேயில்லை.

மார்ச் 3, ஞாயிறு

என்னிடம் மேவிஸின் பன்னிரண்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அனேகமாக எல்லாம் மாதா கோவில் நிலவறையில் பழைய சாமான் விற்கும் சந்தைகளில் கிடைத்தவை. நூற்று முப்பத்தொரு பாட்டு. மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியோடு ஒவ்வொன்றாகக் கேட்டு, கேட்டதை எழுதி வைக்கப் போகிறேன். வேலையால் வந்ததும் நாலு பாட்டு. முந்திக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்கிறேன்.

மார்ச் 9, சனி

ரயில் நிலையப் பாட்டை மேவிஸ் இரண்டு தரம் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். 1958இல் இருபத்து மூன்று வயது. காதலன் ரயிலில் போகிறான், திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டு பாடுகிறார். வரிகளின் முடிவில் குரல் கொஞ்சம் மேலே எழும்பும், குதிக்காலை உயர்த்தி எட்டிப் பார்ப்பது போல.

1974இல் அதே பாட்டு, அதே சொற்கள். ஆனால் ஒவ்வொரு வரியையும் கீழே இறக்கி வைத்துவிடுகிறார். அவனைக் கூப்பிடவில்லை, அவன் போனதைச் சொல்கிறார், அவ்வளவுதான். கடைசிச் சரணத்துக்கு முன் மூச்சு எடுக்கும் சத்தம் இருக்கிறது. வேறொருவர் என்றால் அதை வெட்டியிருப்பார்கள். நான் அந்த மூச்சுக்காகவே எத்தனை தரம் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பேன்!

இன்று மூச்சு கேட்டது. எழுதி வைக்கிறேன்: மார்ச் 9, கேட்டது.

மார்ச் 16, சனி

இவர் எப்போதும் மேவிஸை 'ஒப்பாரி' என்பார். "அழுகிறதுக்குக் காசு வாங்கின பொம்பிளை." இன்று பக்கத்தில் வந்து இருந்து ஒரு முழுப் பக்கமும் கேட்டார். பிறகு சொன்னார்: "அவ அழேல்லை. நான் பிழையா நினைச்சிட்டன். அழாமல் இருக்கப் பாக்கிறா."

முப்பது வருடத்தில் மேவிஸைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை. இதை இப்போதுதானா சொல்ல வேண்டும்!

மார்ச் 28, பெரிய வியாழன்

அறுபத்து நாலு பாட்டு முடிந்தது. பேஸ் கிற்றார் மட்டும் நன்றாகக் கேட்கிறது. குரல் கதவுக்கு அப்பால் போய்விட்டது. மாத்திரை முடிந்தது. புதிதாகத் தரவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் எழும்பினேன். இவர் வாய் அசைகிறது.

இல்லை. இல்லை. ஒண்டுமே இல்லை. கையைத் தட்டினன். கோப்பையைப் போட்டு உடைச்சன். அது உடைஞ்சதைப் பாத்தன். மாதாவே.

ஏப்ரல் 12, வெள்ளி

எண்பத்தேழு பாட்டு. மிச்சம் நாற்பத்து நாலு.

மே 19, ஞாயிறு

இவர் கடைக்காரர் போடும் விளம்பரத் தாள்களின் ஓரத்தில் எழுதிக் காட்டுகிறார். "மீன் வாங்கட்டோ?" "மேனுகா பின்னேரம் வாறாள்." எழுத்துப் பிழை நிறைய. திருத்தாமல் வாசிக்கிறேன்.

ரோட்டைக் கடக்கவே பயம். பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. ஷெர்புரூக் வீதியில் ஒரு பஸ் என் கையை உரசுவது போலப் போனது. காற்றுத்தான் பட்டது. அதற்குப் பிறகு தனியாக வெளியே போகவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

தலைக்குள் பாட்டுப் பாடிப் பார்ப்பேன். இதுவரை வந்தது. இன்று ரயில் நிலையப் பாட்டின் மூன்றாவது சரணம் வரவில்லை. சொற்கள் வந்தன. மெட்டு வரவில்லை. என் குறிப்பில், "இங்கே குரல் ஒரு படி இறங்கும்" என்று எழுதியிருக்கிறேன். எந்தப் படி? எங்கேயிருந்து? இறங்கியது என்று எழுதினால் இறங்கியது தெரியுமா?

வெளியே போனது போகட்டும். உள்ளே இருப்பதும் போகத் தொடங்கிவிட்டதா?

செப்ரெம்பர் 16, திங்கள்

நாளை காதுக்குள் கருவி வைக்கும் அறுவை. மயக்கத்திலிருந்து எழும்பாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று மேனுகாவுக்கு எழுதி வைத்தேன். பிறகு கிழித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

செப்ரெம்பர் 20, வெள்ளி

எழும்பிவிட்டேன். தலை சுற்றுகிறது. சுவர் பிடித்து நடக்கிறேன். கருவியை ஒரு மாதம் கழித்துத்தான் இயக்குவார்கள்.

ஒக்ரோபர் 16, புதன்

இயக்கினார்கள்.

தகரத்துக்குள் ஆணி போட்டுக் குலுக்குவது போல. இவர் வாய் அசைந்தது, டிக் டிக் டிக் என்று வந்தது. இதுதான் அவர் குரலா? முப்பத்து மூன்று வருடம் கேட்ட குரல்? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

அங்கிருந்த பெண் கணினியில் எழுதிக் காட்டினார்: மூளை பழக வேண்டும், ஒவ்வொரு நாளும் கேளுங்கள், பொறுமை.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

மேவிஸைப் போட்டேன். ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை. கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுக்கோ தலையைத் திறந்தது?

நவம்பர் 23, சனி

இவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்கு ஈழத்துப் பத்திரிகை வாசிக்கிறார். நானும் அதே பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறேன். மரண அறிவித்தல்தான் நல்லதாம், பெயரும் ஊரும் திரும்பத் திரும்ப வருவதால். மூன்று கிழமையாகச் செத்தவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்று பத்திரிகையைப் பார்க்காமலே, "மன்னாரைப் பிறப்பிடமாகவும்" என்பது விளங்கியது.

2025 ஜனவரி 12, ஞாயிறு

மேனுகா போன் எடுத்தாள். முழுவதும் விளங்கியது. வாத்துக் கதைப்பது போலத்தான் இருந்தது, ஆனாலும் விளங்கியது.

ரயில் நிலையப் பாட்டை, இரண்டு ஒலிப்பதிவையும், திரும்பப் போட்டேன். பாட்டு வந்தது! ஸ்டீல் கிற்றார், மூச்சு, எல்லாம். சந்தோஷப்பட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, சந்தேகம் வந்துவிட்டது. இது காதுக்குள் வருகிறதா, அல்லது எனக்குத் தெரிந்ததை நானே போட்டு நிரப்புகிறேனா? இவரைக் கொண்டு வேறொரு தட்டைச் சொல்லாமல் போடச் செய்தேன். எதுவென்று பிடிக்க முடியவில்லை. சத்தம் மட்டும்.

அப்படியென்றால் சற்று முன் கேட்டதும் கேட்டதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று இவர் மேனுகாவைப் பார்க்க லவாலுக்குப் போய், அங்கே ஒரு பழைய சாமான் கடையிலிருந்து தட்டொன்று வாங்கி வந்தார். மேவிஸ் ஏதோ ஒரு வானொலி நிலையத்தில் பாடியவை, அவர் இறந்த பிறகு வெளியிட்டிருக்கிறார்கள். நான் கண்டதே இல்லை. ஒரு பாட்டும் தெரியாது.

"வேண்டாம்" என்றேன். தெரிந்த பாட்டில் ஒளித்துக்கொள்ளலாம். இதில் ஒளிக்க இடமில்லை.

அவர் உறைக்குள்ளிருந்து பாட்டு வரிகள் அச்சிட்ட தாளை எடுத்து, எனக்குக் காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டதைச் சொல்லும். நான் பாத்துக்கொண்டு வாறன்."

முதல் தரம் சரளைக்கல் கொட்டியது. இரண்டாம் தரம் அதற்குள் ஒரு பெண். மூன்றாம் தரம் சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரத் தொடங்கின. நான் சொல்லச் சொல்ல அவர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு வந்தார்.

"புருஷன் தூர இடத்திலை வேலை. மாதா மாதம் அவளுக்கு ஒரு லாடர் அனுப்புறான். ஏணி. அவள் அந்த ஏணியை மூண்டு தரம் வாசிச்சிட்டுத் தலகாணிக்குக் கீழை வைக்கிறாள்."

அவர் தாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "லாடர் இல்லையப்பா, லெற்றர்! கடிதம்! ஏணியை ஆராவது தலகாணிக்குக் கீழை வைப்பினமோ?"

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மற்றதெல்லாம்?" என்றேன்.

"மற்றதெல்லாம் சரி. ஒரு சொல்லும் பிழையில்லை." கீழே கிடந்த தாளை எடுத்துக்கொண்டு கேட்டார். "குரல் எப்பிடி? அவவின்ரை குரல்தானோ?"

"தெரியேல்லை. ஆனா ஆரோ ஒருத்தி பாடுறா."

"மற்றப் பக்கத்தையும் போடட்டோ?"

மற்றப் பக்கத்தில் ஆறு பாட்டு. ஆறையும் கேட்டோம்.