மூன்று விரலுக்கு இரண்டு சுற்று

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்றும் மூன்று விரல் காட்டினான். இரண்டு சுற்றுதான் திருகினேன்.

பதினோரு வருடமாக இப்படித்தான். டிராக்டர் பரஞ்சோதியுடையது. ஓட்டுவதும் அவன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டைச் சுரண்டிச் சமப்படுத்தும் காண்ட்ராக்ட் அவனுக்கு. பின்னால் மாட்டியிருக்கும் பாக்ஸ் பிளேடின் தலையை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் தண்டுதான் டாப் லிங்க். அதைத் திருகும் ஆள் நான். குட்டையாக்கினால் பிளேடு மண்ணைக் கடிக்கும், நீளமாக்கினால் தடவிக்கொண்டு போகும். விரல் மேலே பார்த்தால் குட்டை, கீழே பார்த்தால் நீளம். எத்தனை விரலோ அத்தனை சுற்று.

விரல் எதற்கு, வாய் இல்லையா என்றால், இல்லை. நான்கு வருடமாக இல்லை. மச்சான் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தவன் அவன். மூத்த மருமகன் பரஞ்சோதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இளைய மருமகன் ராமையா என்று ஒருவன் பிறக்கவே இல்லை போலிருக்கிறது. குருண் டவுன் கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "எடம் பத்தல தம்பி, விடு லா" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவன் மனைவி தங்கமணியும் என் மனைவி வாணியும் அக்கா தங்கை, தினமும் போனில் சிரிக்கிறார்கள். சகலைகள் நாங்கள் விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சீட்டிலிருந்து பார்த்தால் பிளேடின் அடி விளிம்பு தெரியாது. தெரியாதவனுக்கு எப்போதும் ஆழமாக வெட்ட வேண்டும். அவன் கேட்கிற மூன்றைத் திருகினால் மேலே இறுகிக் கிடக்கும் செம்மண் கிழிந்து அடிக்களிமண் வந்துவிடும். அதனால் இரண்டு, சில இடத்தில் ஒன்று. அவனுக்குத் தெரியாது. தோட்டம் முழுக்க "பரஞ்சோதி ரோடு மேச மாதிரி" என்கிறார்கள். பரஞ்சோதி ரோடாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வாணி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "மாமா ஹைட்ராலிக் டாப் லிங்க் வாங்கிட்டாராம். சீட்டுல ஒக்காந்தே லிவர தள்ளுனா போதுமாம், கீழ எறங்கித் திருக வேணாமாம். அக்கா சொன்னுச்சு."

"அப்ப நான்?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாட்டிவிட்டான். பளபளவென்று ஒரு சிலிண்டர், இரண்டு கறுப்பு ஹோஸ். லிவரை இப்படித் தள்ளினால் தண்டு உள்ளே போகிறது, அப்படித் தள்ளினால் வெளியே வருகிறது. நான் பார்க்க வேண்டும் என்றே மூன்று தடவை செய்து காட்டினான். பிறகு எங்களையெல்லாம் வேலை வாங்கும் மண்டோர் நடராஜாவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "இனிமே ஒரு ஆள் போதும் மண்டோர்" என்றான்.

பதினோரு வருடத்துக்கு விடை கொடுப்பது மண்டோரிடம் சொல்லி. அதையாவது என் மூஞ்சியப் பாத்து சொல்லக்கூடாதா? விரல்லயாவது காட்டியிருக்கலாமே!

செப்டம்பர் 4, புதன்

உரம் போடும் கும்பலில் பெயர் கொடுத்தேன். நாற்பத்தொன்பது வயதில் தோளில் வாளி. நாசமாப் போவான்.

செப்டம்பர் 11, புதன்

பதினாலாம் பிளாக் ரோட்டைப் பார்த்தேன். உரம் போடும் இடத்துக்குத் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறோம். அவன் ஆசைப்பட்டபடியே, மூன்று விரல் ஆழத்துக்குக் கடித்து வைத்திருக்கிறான். பாலத்துக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில் களிமண்ணே தெரிகிறது.

சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்? ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஹைட்ராலிக்கில் ஒரு குறையும் இல்லை. அவன் சொன்னதை அப்படியே செய்கிறது. நான் அப்படிச் செய்ததே இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

இரண்டு நாள் மழை. பதினாலில் தண்ணீர் ஓடாமல் நடுவிலேயே நிற்கிறது. பழம் ஏற்றும் லோரி ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டதாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துவிட்டார். "புது சாமான் மண்டோர், இன்னும் செட் ஆவல" என்று ஹோஸைத் தடவிக்கொண்டு நின்றான்.

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். "இன்னிக்கு என்ன, இவ்ளோ பசி?" என்றாள் வாணி.

செப்டம்பர் 25, புதன்

அந்த இறக்கத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. முழங்கால் ஆழம் இருக்கும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் பள்ளத்தைப் பார்ப்பவன் ஒரு பனை மட்டையை ஒடித்து அதில் நட்டுவைத்துவிட்டுத்தான் போவான். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாரும் செய்வது. நானும் மட்டையைக் கையில் எடுத்தேன். அவன் ரோடுதானே, அவனே வந்து நடட்டும் என்று தோன்றியது. மட்டையை ரோட்டோரத் தண்ணீர்க் காணில் எறிந்துவிட்டு நடந்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

மருதம்மாள் விழுந்துவிட்டது. உதிரிப்பழம் பொறுக்குகிற மருதம்மாள். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறது. பள்ளம் நிறையத் தண்ணீர், தரையா பள்ளமா என்று தெரியவில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து, தோள் இறங்கிவிட்டதாம். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் போகும்போது மோட்டார் இன்னும் அங்கேயே கிடந்தது. நான் எறிந்த மட்டையும் காணில் அப்படியே கிடந்தது.

அக்டோபர் 2, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாணி கஞ்சி கொடுத்தனுப்பினாள். மருதம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ தெனமும் அந்தப் பக்கமாத்தானே போற தம்பி. பள்ளத்தப் பாக்கலியா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாத்தேங்க்கா" என்று வந்துவிட்டது.

"ஒரு மட்ட நட முடியல?"

என்ன சொல்ல? அவன் பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை, அதனால் உன் கை உடைந்தது என்றா? அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன மனுசன் நான்.

அக்டோபர் 7, திங்கள்

பதினாலைச் சரி செய்ய அவனுக்கு இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு அப்புறம் வேறு காண்ட்ராக்டர். வேலை முடிந்ததும் அங்கே போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் ஓட்டுகிறான், இறங்குகிறான், பிளேடைப் பார்க்கிறான், ஏறுகிறான், லிவரைத் தள்ளுகிறான், திரும்பவும் ஆழமாகக் கடிக்கிறது. கொட்டிய புது மண்ணையும் சேர்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்தினான்.

"என்னடா வேடிக்கையா? சந்தோசமா இருக்கா?"

நான்கு வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு இது.

"நீ மூணு காட்டுனா நான் ரெண்டுதான் திருகுவேன்" என்று கத்தினேன். "பதினோரு வருசமா! ஒனக்கு ஆழம் தெரியாது. எப்பவுமே தெரியாது. நீ கேட்டத ஒரு நாளும் நான் திருகுனதில்ல!"

நன்றி சொல்லுவான் என்றா எதிர்பார்த்தேன்? அவன் முகம் கறுத்துவிட்டது.

"என் வண்டியில ஏறி என்னையே ஏமாத்தியிருக்க."

"ஏமாத்துனதாலதான் ரோடு நின்னுச்சு."

"போடா!"

போய்விட்டேன். வரும் வழியில் பள்ளத்தில் ஒரு மட்டை நட்டேன். ஏற்கெனவே அங்கே நாலு மட்டை நின்றது.

அக்டோபர் 8, செவ்வாய்

வாணி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு முன்னாலேயே படுக்கப் போய்விட்டாள். அவள் அக்கா எல்லாம் சொல்லியிருக்கும்.

அக்டோபர் 10, வியாழன்

உரக் கும்பலோடு பதினாலைத் தாண்டிக்கொண்டிருந்தேன். டிராக்டர் எங்களுக்கு முன்னால் நின்றது. பிளேடைத் தரையில் இறக்கினான். எஞ்சினை நிறுத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. லிவரில் கையை வைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான்.

கூட வந்த பொம்பளைகள் சிரித்தார்கள். "ராமையாண்ணே, ஒங்க சகல ஒங்களத்தான் பாக்குறாரு."

வாளியை இறக்கி வைத்தேன். பிளேடுக்குப் பக்கவாட்டில் போய்க் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். மிச்சமிருக்கும் செம்மண்ணையும் கிழிக்கிற சாய்வில் இருந்தது. தண்டு நீள வேண்டும், இரண்டு விரல் அகலம்.

தப்பாகக் காட்டலாமா? ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. மேலே மூன்று விரல் காட்டினால் போதும், தீபாவளிக்கு அவன் கதை முடிந்துவிடும். ரோட்டின் மறு கோடியில் அஞ்சு மட்டைகள் தெரிந்தன.

இரண்டு விரலைக் கீழே காட்டினேன். லிவரைத் தள்ளினான். தண்டு மெல்ல வெளியே வந்தது. போதும் என்று கையை மூடினேன். அந்த இடத்திலேயே நிறுத்தினான், ஒரு மயிரிழைகூட மீறவில்லை. அவன் உதடு அசைந்தது. கெட்ட வார்த்தைதான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நானும் ஒன்று சொன்னேன்.

சாயங்காலம் வரை அப்படியே வேலை நடந்தது. மத்தியானம் அவன் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ் சோற்றுப் பொட்டலம் ஒன்றுதான் வைத்திருந்தான். அதை அவனே தின்றான்.

அக்டோபர் 18, வெள்ளி

விடிந்ததிலிருந்து நல்ல மழை. மழை விட்டதும் பதினாலுக்குப் போனேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து ரோட்டின் அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம் நின்றேன். தண்ணீர் நடுவில் நிற்காமல் இரண்டு ஓரமும் பிரிந்து காணுக்கு ஓடியது. லோரி ஏறி இறங்கிப் போனது, சக்கரத்தில் களிமண் ஒட்டவில்லை.

மண்டோர் மோட்டாரை நிறுத்தினார். "பழையபடி மேச மாதிரி ஆயிருச்சே! அந்த லிங்க்க எப்படிண்ணே செட் பண்ணுனீங்க?"

பரஞ்சோதி என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனக் கேளுங்க" என்றான்.

என் பெயரைச் சொல்லவில்லை. மண்டோர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்து கேட்டார். சொன்னேன்.