விசில் அடிக்காத குக்கர்

நேற்று மாலை அடுப்படிச் செல்வி ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "அக்கா, நாளைக்கு மௌனத் தியானம் ஆரம்பிக்குதுல்ல, வெயிட்டெல்லாம் கழட்டிட்டு வந்துட்டேன். பூட்டி வச்சுக்கங்க" என்றாள். அவிழ்த்துப் பார்த்தேன். மூன்று குக்கர் வெயிட்டுகள். துணியில் பெருங்காய வாடையும் விறகுப் புகை வாடையும் கலந்து அடித்தது. நான் அவளைக் கேட்கவே இல்லை. மௌனத் தியானம் நடத்திவந்த சாமியார் மாற்றலாகிப் போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு சாதாரணத் தியானங்கள் மட்டும்தான். இப்போது வந்திருப்பவர் மறுபடி மௌனத்தை ஆரம்பிக்கிறார். ஆனாலும் செல்வி மறக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன்.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்த முடிச்சைப் பூட்டி வைக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வத்தலக்குண்டில் பஸ் ஏறி இந்தத் தியான இல்லத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். கொண்டைஊசி வளைவில் நான் வாந்தியெடுத்தேன். முன்பின் தெரியாத நீ உன் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாய். இறங்கும்போது சிநேகிதியாகிவிட்டோம். நீ அடுப்படிக்குப் போனாய், நான் மேற்பார்வைக்குப் போனேன். நான் பத்தாம் வகுப்பு பாஸ், நீ இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு உன்னை இருபது வருடம் ஆட்டி வைத்தேன்.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஓடி ஓடிக் களைத்தவர்கள். மதுரை, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். டீச்சர்கள், பேங்க்காரர்கள், பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கம் வராத அம்மாக்கள். பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் தம்மிடம் கூப்பிடுகிற அந்த வசனம் வாசல் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நம் அடுப்படி.

மௌனத் தியானம் என்றால் மூன்று நாள். வாய் திறக்க மாட்டார்கள், போனை வாங்கி வைத்துவிடுவோம். ஒருமுறை நம் குக்கர் விசில் அடித்தபோது, வராந்தாவில் நடந்துகொண்டிருந்த ஓர் அம்மா திடுக்கிட்டு நெஞ்சில் கைவைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. புகார் எழுதிவிடுவாரோ, சாமியார் கூப்பிட்டுக் கேட்பாரோ, வேலைக்கு வினையாகுமோ என்று அன்று முழுவதும் மருகிக்கொண்டிருந்தேன். சாயங்காலமே சட்டம் போட்டேன். மௌன நாட்களில் குக்கர் கிடையாது. வெயிட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இந்தக் கொடைக்கானல் மலையில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. தண்ணீர் பாட்டுக்குக் கொதிக்கும், பருப்பு பாட்டுக்குக் கல்லாகக் கிடக்கும். நாற்பது பேருக்கான அண்டா கேஸ் அடுப்பில் நிற்காது, விறகடுப்புதான். பனியில் ஊறிய விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். நீ வெள்ளனே எழுந்து ஊதாங்குழலோடு குந்திக்கொள்வாய்.

"ஏண்டி ரோசு, ஒரு விசில் அடிச்சா உள்ள இருக்கிற ஆண்டவர் எந்திரிச்சு ஓடியா போயிருவாரு?" என்று கேட்டாய்.

"அவரு ஓட மாட்டாரு, வந்தவங்க ஓடிருவாங்க. வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றேன்.

உன் இருமல் அந்தப் புகையில்தான் ஆரம்பித்தது. அதற்கும் ஒரு சட்டம் போட்டேன். இருமல் வந்தால் விறகுக் கொட்டகைக்குப் போய் இருமிவிட்டு வா. மார்கழிக் குளிரில் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு நீ ஓடுவதை ஜன்னல் வழியே பார்ப்பேன். சத்தம் சிற்றாலயம் வரைக்கும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும். நிம்மதி என்ற சொல்லை நான் அந்த நாட்களில் அப்படித்தான் பயன்படுத்தினேன்.

மதியம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் நீ அதே கொட்டகையில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். பத்து நிமிடம். கையில் ஜெபமாலைகூட இருக்காது. என்னடி பண்ற என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணல. ஆண்டவர்கிட்ட சும்மா இருந்துட்டு வர்றேன்" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் நோட்டு, நாளைக்குக் காய் வருமா, கேஸ் வருமா, அறுபது பேர் வந்துவிட்டால் கம்பளி போதுமா என்று நான் அலைந்துகொண்டிருக்கிறேன். இவள் மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே! வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவேன். ஒருநாள் ஒரு வேலையும் இல்லை. அப்போதும் கூப்பிட்டு, காலையில் துடைத்த அலமாரியை மறுபடி துடைக்கச் சொன்னேன். நீ துடைத்தாய். துடைத்துக்கொண்டே, "சோலி எங்கயும் ஓடிராது ரோசு. நீயும் செத்த நேரம் உக்காரு" என்றாய்.

உனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருடம் சமைத்துப் போட்டாயே, அந்த மௌனத் தியானத்தில் ஒரு தடவை நீயும் உட்கார வேண்டும். "பத்து நிமிசமே இப்புடி இருக்கே, மூணு நாளு எப்புடி இருக்கும்னு பாக்கணும்டி. கடைசி பெஞ்சு போதும் எனக்கு" என்றாய். அடுத்த தடவை பார்ப்போம் என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். உனக்குப் பதில் ஆள் கிடைக்காது என்று உன்னிடம் சொன்ன காரணம் பொய்யில்லை. சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. நீ அங்கே உட்கார்ந்தால் நான் உனக்குச் சாப்பாடு பரிமாற வேண்டியிருக்கும். இதை இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதிப் பார்க்கிறேன். சீ என்றிருக்கிறது.

கடைசி மௌனத் தியானத்தின் மூன்றாம் நாள், போனால் போகிறது என்று ஒரு மணி நேரம் கொடுத்தேன். நீ குளித்து, உன் மகள் எடுத்துக்கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டு, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாய். நான் கதவோரம் காவல் நின்றேன். கால் மணிகூட ஆகியிருக்காது, உனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாய், தோள் குலுங்கியது. மறுபடியும் வந்தது. முன்னால் யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் உன்னை மட்டும்தான் பார்த்தேன். வந்து உன் முழங்கையைப் பிடித்து எழுப்பி வெளியே இழுத்துப்போனேன்.

"மானத்த வாங்காதடி. கொட்டகைக்குப் போ."

நீ என் முகத்தைப் பார்த்து, "சரி ரோசு" என்றாய். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ. அரை மணி கழித்து அந்த நீலச் சேலையோடேயே வந்து பருப்பைக் கடைந்தாய்.

அதன் பிறகு ஆறு வாரம்தான் இருந்தாய். வருடக்கணக்காகக் குடித்த புகை என்று கீழே ஆஸ்பத்திரியில் உன் மகளிடம் சொன்னார்களாம். நான் உன்னைப் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தேன். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் நோட்டு. உன் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். நான் சாம்பார் பொடிக்கு அளவு கேட்டேன். மல்லி எவ்வளவு, வத்தல் எவ்வளவு, கடலைப்பருப்பு போடுவாயா மாட்டாயா. நீ ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாய். "வெந்தயம் மட்டும்... கருகிறாமப் பாத்துக்க" என்றாய். எழுதிக்கொண்டேன்.

"ரோசு, செத்த உக்காரேன்."

அதுவரை நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்தில் ஸ்டூல் கிடந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுடி" என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த முக்கால் மணியும் பஸ் ஸ்டாண்டில் நின்று முட்டைக்கோஸ்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

உன் மகள் போன் செய்து, "அம்மா போயிட்டாங்க பெரியம்மா" என்று அழுதபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நாளை மறுநாள் ஐம்பது பேர் வருகிறார்கள், சாம்பார் யார் வைப்பது? கல்லறையில் உன்மேல் மண்ணைப் போடும்போதும் கையில் ஒட்டிய மண்ணை எங்கே கழுவுவது என்று குழாயைத் தேடினேன். மனுஷியா நான்!

அப்புறம் எனக்குத் தூக்கம் போனது. உன்னை நினைத்து இல்லை, ஏமாறாதே. வழக்கமான கவலைகள்தான், பத்து மடங்காக. பூட்டிய கதவை எழுந்துபோய் மறுபடி இழுத்துப் பார்ப்பேன். மாத்திரை போட்டும் அடங்கவில்லை. தியானம் கொடுக்க வந்த ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எதையோ சொல்ல ஆரம்பித்து உன் கதையைச் சொல்லி முடித்தேன். பரிகாரமாக நூறு ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நோட்டில் கோடு போட்டு ஒரு வாரத்தில் முடித்திருப்பேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. "அவங்க உக்காந்த கட்டையில தினமும் பத்து நிமிசம் நீங்க உக்காருங்கம்மா. ஒண்ணும் பண்ணக் கூடாது. ஜெபம்கூட வேண்டாம்" என்றார்.

முதல் நாள் மூன்று நிமிடம் தாங்கவில்லை. எழுந்து ஓடிவந்துவிட்டேன். வேலைச் சத்தம் நின்றதும் உன் இருமல்தான் கேட்டது. ஆண்டவர் இளைப்பாறுதல் தருவார் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் தோலை உரிப்பார் என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. மாதக்கணக்கில் அந்தக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். அவரைக் கெட்ட வார்த்தையில்கூடத் திட்டினேன். அவர் எழுந்துபோகச் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு மதியம், பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவள் எழுந்தபோது முக்கால் மணி ஆகியிருந்தது. நாளைக்கு என்ன என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிட்டேன் என்று யாரும் காதில் சொல்லவில்லை. 'நீ செய்தது எல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் உட்கார்' என்று மட்டும் உள்ளே கேட்டது. அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். இப்போதும் தூங்குகிறேன். உன் இடத்தில் உட்கார்ந்து உனக்குக் கிடைக்க வேண்டியதை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இன்று காலை முடிச்சைச் செல்வியிடம் திருப்பிக் கொடுத்தேன். "மூணையும் மாட்டு. விறகடுப்பு வேண்டாம்."

"விசில் அடிக்கும்க்கா! எல்லாரும் உள்ள மௌனத்துல இருக்காங்க."

"அடிக்கட்டும்."

"யாராச்சும் வந்து சத்தம் போட்டா?"

"ரோசக்காதான் சொன்னாங்கன்னு சொல்லு. மாட்டுடி வெரசா."

சிற்றாலயத்துக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓரத்து இடத்தை உனக்கு விட்டுவிட்டு அடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாற்பது தலைகள். கொஞ்ச நேரத்தில் முதல் விசில் அடித்தது. எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. நாற்பது தலைகளையும் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. இரண்டாவது விசில் அடித்தது. யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார். மூன்றாவதற்குப் பிறகு நடு வரிசையில் ஒரு பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினார். பக்கத்தில் இருந்தவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு பாட்டில் தண்ணீர்! அன்று அது எனக்குத் தோன்றவில்லையே. எழுந்து எங்காவது ஓடிப்போக வேண்டும் என்று காலெல்லாம் துடித்தது. ஓடவில்லை. ஆண்டவர் முன்னால் அதையும் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் இரண்டு நாள் மௌனம் பாக்கி இருக்கிறது. ஓரத்து இடம் காலியாகவே இருக்கும், வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். நீ அந்த நீலச் சேலையோடு வா. இருமல் வந்தால் அடக்காதே, சத்தமாகவே இருமு. உன்னை வெளியே இழுத்துப்போனவள் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.